ஓடாவித் தொழிலும் நம் தொழிலாளரும்

(டெய்ரி ஃபார்மில் நடைபெற்ற சங்கத்தின் மாதக் கூட்டத்தில் படகுத் தொழில் குழுவினர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



சென்ற ஆண்டு இதே கொட்டகையில் ஒரு தாய் எழுந்து, "ஆலை மூடி எத்தனை வருசமாச்சு, என் வீட்டுக்காரர் இன்னும் வாசல்ல உட்கார்ந்திருக்கார், சங்கம் மாநாடு மாநாடுன்னு சொல்லுதே, ஒரு தொழிலைச் சொல்லுச்சா?" என்று கேட்டார்கள். யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் எங்கள் ஏழு பேர் குழு பிறந்தது. ப்ளைவுட் ஆலையில் மரம் சீவியவர் ஒருவர், ஆட்டோ ஓட்டுபவர் ஒருவர், தையற்காரர் ஒருவர், கப்பலில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், தினக்கூலி மஸ்தூர் வேலையிலிருந்து நின்றவர் ஒருவர், கடையில் கணக்கு எழுதுபவர் ஒருவர், பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்த தங்கை ஒருவர். எங்களில் ஒருவர்கூடப் பரம்பரைப் படகுத் தச்சர் அல்லர். ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடி, குளச்சல் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய ஒரு பெரியவரிடம் மரப்படகு கட்டக் கற்றுக்கொண்டோம். அந்தக் கணக்கை ஒப்புவிக்கவே இன்று நிற்கிறோம்.

ஏன் படகு, வேறு தொழில் இல்லையா என்று கேட்பீர்கள். இந்தத் தீவுகளில் மரமும் கடலும்தான் நம்மைப் போன்ற கூலிகளை அழைத்து வந்தன. 1883-ஆம் ஆண்டு தொடங்கிய சாத்தாம் மர அறுவை ஆலையைச் சுற்றியும், ஃபீனிக்ஸ் பே டாக்யார்டைச் சுற்றியும் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் அடுப்பு மூட்டின என்பது உங்களுக்கே தெரியும். பிறகு பாம்பூ பிளாட், பகுல்தலா, லாங் ஐலண்ட் ஆகிய இடங்களில் ப்ளைவுட் ஆலைகள் வந்தன. கோதவர்மன் வழக்கில் உச்சநீதிமன்றம் சேகர் சிங் அவர்களை ஆணையராக அமைத்தது. அவருடைய அறிக்கையை ஏற்று, 2002 மே 7-ஆம் நாள், தீவுவாசிகளின் சொந்தத் தேவைக்கு அன்றி இங்கே மரம் வெட்டக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆலைகளின் கதை அதோடு முடிந்தது.

அந்தத் தீர்ப்பை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. காடு போனால் ஜாரவாவும் ஓங்கேயும் போவார்கள், அவர்களுக்குப் பின்னால் குடிதண்ணீரும் போகும். காட்டை மொட்டையடித்து லாபத்தைக் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் கொண்டுபோனவர்கள் வேறு ஊர்களில் வேறு ஆலை வைத்துக்கொண்டார்கள். மரம் சீவிய கைக்கு மட்டும் மாற்றுத் தொழில் எதுவும் கொடுக்கப்படவில்லை. எங்கள் குறை அதுதான், அதற்கு மேல் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறோம். தமிழில் படகு கட்டுபவருக்கு ஓடாவி என்று பெயர். கன்னியாகுமரிக் கரையிலும் யாழ்ப்பாணக் கரையிலும் அந்தச் சொல் வழங்கிவருகிறது. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி அம்மாள்' என்ற பாய்க்கப்பல், வல்வெட்டித்துறை மாலுமிகளோடு கடல்களைக் கடந்து 1938-ல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. இதைச் சொல்லி மார்தட்டிக்கொள்வது சுலபம். ஆனால் அந்தக் கைத்திறன் ஏன் சில குடும்பங்களுக்குள்ளேயே நின்றுபோயிற்று என்று யாரும் கேட்பதில்லை. அப்பன் மகனுக்குச் சொல்வான், மகன் மருமகனுக்குச் சொல்லமாட்டான். வரைபடம் கிடையாது. எல்லாம் கண்ணளவு, முழம், விரற்கடை. தொழில் ரகசியமாக இருந்தது, சாதியாகவும் இருந்தது. நாங்கள் எங்கள் பெரியவரிடம் முதலில் இதைத்தான் கேட்டோம். "எங்களுக்குச் சொல்லித் தருவீர்களா?" அவர் வெகுநேரம் வெற்றிலை மென்றுவிட்டு, "எம் பயலுவ மூணு பேரும் கல்ஃபுல கெடக்கானுவ மக்கா, ஒங்களுக்குச் சொல்லாம நான் யாருக்குச் சொல்ல?" என்றார்.

சாதி வேலியைத் தாண்டி இந்தத் தொழிலைக் கற்பிக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில், 1970-களில், கோட்டாறு சமூக சேவை சங்கத்தின் ஆதரவில் ஒரு படகு கட்டும் நிலையம் நடந்தது. கட்டுமரத்துக்கு வேண்டிய அல்பீசியா போன்ற இலேசான பெருமரங்கள் கேரளக் காடுகளில் அருகிப்போய் விலை ஏறிவிட்ட காலம் அது. மரம் வாங்க மீனவன் கடன்காரனிடம் போக வேண்டியிருந்தது. மாற்றாக, ப்ளைவுட் பலகையில் சிறு படகு கட்டும் முறையை அங்கே சோதித்தார்கள். 'சிறியதே அழகு' என்று 1973-ல் நூல் எழுதிய ஷூமாக்கர் தோற்றுவித்த இடைநிலைத் தொழில்நுட்பக் குழுவின் உதவியும் கிடைத்தது. அந்த வேலையில் ஈடுபட்ட பொறியாளர் பியர் ஜில்லே 1985-ல் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டபோது வைத்த பெயர் 'சிறியது கடினம்'! தலைப்பிலேயே பாதி உண்மையைச் சொல்லிவிட்டார். முதலில் செய்தவை எல்லாம் கரையேறவில்லை. அலையில் உடைந்தவை உண்டு, மீனவர் கை வைக்க மறுத்தவையும் உண்டு. பிறகுதான் மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு தன் சொந்தப் படகுத் தளங்களில் அந்த முறையைப் பரப்பியது. எண்பதுகளில் தென்கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் ப்ளைவுட் வள்ளங்கள் இயந்திரத்தோடு ஓடின.

அந்த முறையைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும். எங்கள் தையற்காரத் தோழர் இதில் எங்கள் எல்லோரையும் முந்திக்கொண்டார். ப்ளைவுட் தகடுகளைத் தரையில் விரித்து, சட்டைக்குத் துணி வெட்டுவதுபோல் அச்சு வைத்து வெட்டுகிறார்கள். ஓரங்களில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தகட்டோடு தகட்டைத் தைத்து இழுக்கிறார்கள். தட்டையாகக் கிடந்த பலகை இழுக்க இழுக்க வளைந்து படகு உருவம் எடுக்கிறது. பிறகு உள்மூலைகளில் பிசின் அடைத்து, கண்ணாடி இழைப் பட்டையை ஒட்டி இறுக்குகிறார்கள். இதைப் படித்துச் சொன்னதும் பெரியவர் சிரித்தார். "இது புதுசா? எங்க தாத்தா காலத்துல சோழமண்டலக் கரையில கயிற வச்சுத்தானே தச்சாங்க" என்றார். உண்மைதான். சென்னைக் கரையின் மசூலாப் படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கித் தரையில் போட்டாலும் படகு நெளிந்து கொடுக்கும், பிளக்காது. வெள்ளைக்காரன் கப்பலில் வந்து இறங்கிய காலமெல்லாம் அந்தத் தையல் படகுதான் அவனைக் கரை சேர்த்தது. தையல் மறைந்து, வெளிநாட்டு நூலில் ஏறி, முட்டத்துக்குத் திரும்பி வந்தது என்று சொன்னால் மிகையாகாது. (எங்கள் கணக்கர் தோழர் இதை மிகை என்றே கருதுகிறார். அவர் கருத்தையும் பதிவு செய்கிறோம்.)

இங்கிலாந்தில் லைம் ரீஜிஸ் என்ற கடற்கரை ஊரில் 1997-ல் ஒரு படகு கட்டும் பள்ளி தொடங்கினார்கள். பல வேலை பார்த்து அலுத்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், பள்ளி முடித்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே பட்டறையில் மாதக்கணக்கில் தங்கிக் கற்று, முடிவில் தாங்கள் கட்டிய படகுகளைத் துறைமுகத்தில் இறக்குகிறார்கள். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் 1972-லேயே பழகுநர் பட்டறை ஒன்று பிறந்துவிட்டது. நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே கையில் சேமிப்பு உள்ளவன் மனநிறைவைத் தேடித் தொழில் மாறுகிறான். இங்கே ஆலை மூடியவன் அரிசியைத் தேடித் தொழில் மாறுகிறான். இரண்டுக்கும் ஒரே பாடத்திட்டம் ஒத்துவராது. நம் ஆளுக்குப் படிக்கிற காலத்தில் உதவித்தொகை வேண்டும். இல்லையென்றால் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவன் வரமாட்டான். எங்கள் குழுவிலேயே மஸ்தூர் தோழர் இரண்டு மாதம் நின்றுபோனார். ஞாயிற்றுக்கிழமை கூலியை விட்டுவிட்டு வர அவரால் முடியவில்லை.

இனி எங்கள் படகைப் பற்றி. பதினெட்டு அடி டிங்கி. ஏராக்கட்டை போட்டு, வங்குகள் நிறுத்தி, பழைய முறையிலேயே கட்டினோம். மரத்துக்குப் பட்ட பாடு தனிக் கதை. தீவுவாசியின் சொந்தத் தேவை என்று தீர்ப்பே சொல்கிறதே என்று ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தோம். மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு என்றால் படிவம் இருக்கிறது, படகுக்குப் படிவம் இல்லையாம். கடைசியில் உரிமம் பெற்ற கடையில் கொஞ்சம் பின்மா வாங்கினோம். மீதிக்கு ஜங்லிகாட்டில் கிடந்த பழைய டிங்கியை விலைக்கு எடுத்துப் பிரித்தோம். அதில் கிடைத்த திங்கம் பலகையைப் பார்த்ததும் பர்மாவிலிருந்து வந்த நம் மூத்தவர் ஒருவர் முகர்ந்து பார்த்தே பெயர் சொன்னார்.

பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடித்தோம். குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினோம். அணியத்தில் பலகையை வளைப்பதற்குள் இரண்டு பலகை வெடித்தன. "மரத்த அடிக்காத மக்கா, அது சொல்லுதத கேளு" என்பார் பெரியவர். நாங்கள் கேட்கவில்லை, வெடித்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் படகு கொட்டகை வாசலைவிட ஒரு சாண் அகலம் என்று தெரிந்தது! வாசல் தூணைப் பிடுங்கி, லாரியில் ஏற்றி, டெய்ரி ஃபார்மிலிருந்து ஜங்லிகாட் கரைக்குக் கொண்டுபோனோம். வழியில் சிரிக்காதவர் இல்லை. தண்ணீரில் விட்ட அன்றே கணுக்கால் அளவு நீர் உள்ளே வந்தது. எங்கள் முகம் செத்துப்போனது. பெரியவர் மட்டும் பீடி பற்றவைத்துக்கொண்டு, இரண்டு நாள் கிடக்கட்டும் என்றார். பலகை நீர் குடித்து ஊதி, இடுக்கு இறுகியது. மூன்றாம் நாள் இறைத்துவிட்டோம், பிறகு ஊறவில்லை.

இந்த இடத்தில் ஒளிவுமறைவில்லாமல் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மரப்படகு ஃபைபர் படகை விரட்டிவிடும் என்று யாரும் கனவு காணாதீர்கள். கட்டுமரத்தைத் தினமும் கரையில் ஏற்றிக் காயவைப்பதால் அதைக் கடல்புழு தின்பதில்லை. நம் டிங்கியோ இரவும் பகலும் தண்ணீரில் கட்டிக் கிடக்கிறது. புழு உள்ளே புகுந்தால் வெளியே தெரியாது, கையை வைத்தால் பலகை அப்பளம். குர்ஜன் எண்ணெய் பூசுவதும், அடிப்பாகத்தைத் தீயில் வாட்டுவதும் தாமதப்படுத்தும், தடுக்காது. குமரிக் கரையிலேயே ப்ளைவுட் வள்ளத்தைப் பிறகு ஃபைபர் தள்ளிவிட்டது.

ஆனால் ஃபைபரின் கதையையும் கேளுங்கள். 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்தது. நிவாரணப் பணமும் வந்தது. தமிழகக் கரையில் மழைக்காளான் போல் படகுத் தளங்கள் முளைத்தன. நேற்றுவரை வேறு தொழில் செய்தவன் இன்று அச்சு வாங்கிப் பிசின் ஊற்றினான். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை, சோதிக்க ஆள் இல்லை. எண்ணிக்கை காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் தேவைக்கு மேல் படகுகள் குவிந்தன. அவற்றில் தரமற்றவை ஏராளம். தொழில் மாறுவது தவறு அல்ல, கற்காமல் மாறுவதுதான் ஆபத்து. 2014 ஜனவரி 26-ஆம் நாளை இந்தத் தீவில் யாரும் மறந்திருக்க முடியாது. ராஸ் தீவுப் பக்கம் சுற்றுலாப் படகு ஒன்று அளவுக்கு மீறி ஆளேற்றிக் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த நம் சொந்தங்கள் அவர்களில் பலர். ஒரு படகு எத்தனை பேரைத் தாங்கும், பாரம் மேலே ஏறினால் ஏன் புரளும் என்பதைக் கையால் கட்டிப் பார்த்தவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மரம், ப்ளைவுட், ஃபைபர் மூன்றையும் பழுதுபார்க்கத் தெரிந்தவன் எந்தத் துறைமுகத்திலும் பட்டினி கிடக்கமாட்டான். மாயாபந்தர் பக்கம் 1925 முதல் வாழும் கரேன் மக்களிடம் மரப்படகு வேலை இன்றும் உயிரோடு இருக்கிறது. அவர்களிடமும் போய்க் கற்க வெட்கப்படத் தேவையில்லை.

ஆகவே நிர்வாகத்துக்குக் கொடுக்க ஒரு மனு எழுதியிருக்கிறோம். தீவுவாசியின் சொந்தத் தேவை என்பதில் படகு மரமும் அடங்கும் என்று தெளிவுபடுத்த வேண்டும், அளவோடுதான் கேட்கிறோம். டாலிகஞ்ச் ஐ.டி.ஐ.யில் படகுத் தச்சுக்கு ஒரு வகுப்பு தொடங்க வேண்டும். 1961-ஆம் ஆண்டின் பழகுநர் சட்டத்தின் கீழ் மரக்கப்பல் தச்சும் ஒரு தொழிலாக ஏற்கப்பட்டதுதான். நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துக் கேட்கவில்லை. சான்றிதழ் இல்லாத ஓடாவியையும் ஆசிரியராக அமர்த்த விதி தளர்த்த வேண்டும்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. தீவுகளில் இதர பிற்படுத்தப்பட்டோர் என்று அறிவித்தபோது 1942-க்கு முந்தைய உள்ளூர்வாசிகள், வங்கக் குடியேறிகள், பாந்து, மோப்ளா, கரேன் ஆகியோர் இடம்பெற்றார்கள். தமிழர் அந்த வரிசையில் இல்லை. வகுப்பு வந்தாலும் இடம் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. அதற்காக மற்றவர்களோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆலை மூடியபோது தெலுங்கனும் வங்காளியும் ராஞ்சிக்காரனும் நம்மோடுதான் வேலை இழந்தார்கள். 2002-ல் வேலை இழந்த குடும்பம் என்பதையே தகுதியாக வைத்துக் கேட்போம் என்பது குழுவின் முடிவு. இதில் இருவர் மாறுபட்டார்கள். விவாதத்துக்கு விட்டுவிடுகிறோம்.

மனு மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடுபவர்கள் எந்த ஆலையில், எந்த வருடம்வரை வேலை பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள், அடையாள அட்டை இருந்தால் நகல் கொடுங்கள். ஊருக்குப் புதுப்பெயர் வைத்த 2024-க்குப் பிறகு முகவரியில் ஸ்ரீ விஜயபுரம் என்றே எழுத வேண்டும். போர்ட் பிளேர் என்று எழுதிய பத்துப் படிவங்களை ஏற்கெனவே மாற்ற வேண்டியதாயிற்று. டிங்கி ஜங்லிகாட் கரையில் கட்டிக் கிடக்கிறது. வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு அதைக் கவிழ்த்து அடிப்பாகத்தைச் சுரண்டுகிறோம். இருபது பேர் கைபிடித்தால்தான் புரளும். பெண்களும் வரலாம், எங்கள் தங்கை ஏற்கெனவே வருகிறார். பழைய துணி உடுத்தி வாருங்கள்.