குதிரையை அவிழ்த்த பிறகு

(ஆம்பூரில் நடந்த ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மேடைப் பேச்சாளன் இல்லை. பகல்ல பேங்க் கவுண்டர்ல உக்காந்து சலான் வாங்குறவன். ராத்திரியில கவிதைன்னு எதையாவது கிறுக்குறவன். 'நகரங்களில் குதிரை வண்டிச் சவாரியைத் தடை செய்யலாமா' என்று தலைப்பு கொடுத்தபோது, கல்லூரித் தம்பி ஒருவர் என்னை மடக்கினார். "அண்ணே, மலக்குழியில ஆள் செத்துக்கிட்டு இருக்கான். நாம குதிரையப் பத்திப் பேசணுமா?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் இந்தப் பேச்சு.

முதலில் என் ஆயா கதை. ஆயா தோல் ஷாப்பில் வேலை செய்தது. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த தோலில் மயிர் வழிக்கிற வேலை. எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாசனை போகாது. எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும். ஆம்பூர் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஏறினோம். உள்ளே இருந்த ரெண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார்கள். அவர்கள் இறங்கினது வாசனைக்காக மட்டும் இல்லை என்பது புரிய எனக்கு இன்னும் சில வருஷம் ஆச்சு. வண்டிக்கார பாய் ஒண்ணும் பேசலை. "ஆயா, கொஞ்சம் முன்னாடி தள்ளி உக்காரு, பாரம் சரியில்ல" என்று மட்டும் சொன்னார். ரெண்டு பேர் கூலி அவருக்கு நஷ்டம். குதிரைக்கு ரெண்டு பேர் பாரம் மிச்சம். அந்த வண்டியில் மூன்று உயிருக்கு மூன்று கணக்கு ஓடியது. இன்றைய விவாதத்தில் ஒரு தரப்பு குதிரையின் கணக்கை மட்டும் பார்க்கிறது. மறு தரப்பு வண்டிக்காரரின் கணக்கை மட்டும் பார்க்கிறது. ஆயா கணக்கை யாரும் பார்க்கிறதில்லை.

குதிரை வண்டிக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள் பாபாசாகேப் எழுதி வைத்ததைப் படிக்க வேண்டும். 1929-ல் அவர் சாலிஸ்கான் போகிறார். பாரிஸ்டர், பம்பாய் அரசாங்கம் போட்ட கமிட்டியின் உறுப்பினர். ஸ்டேஷனில் டோங்கா இருக்கிறது, குதிரை இருக்கிறது, டோங்காக்காரரும் இருக்கிறார். ஆனால் ஒரு மகாரை உட்கார வைத்து ஓட்ட அவர் தயாராக இல்லை. வண்டியை வாடகைக்குத் தருவாராம், ஓட்ட மாட்டாராம். கடைசியில், பழக்கமே இல்லாத ஒரு மகார் சகோதரர் கடிவாளத்தைப் பிடித்தார். ஆற்றுப் பாலத்தில் சக்கரம் கல்லிடுக்கில் சிக்கியது. பாபாசாகேப் கல்தரையில் தூக்கி எறியப்பட்டார், கால் எலும்பு முறிந்தது. வண்டியும் குதிரையும் பாலத்திலிருந்து விழுந்தன.

அதற்கு முன்னால் 1893-ல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்வண்டி ஏறி, புலையர் நடக்கக் கூடாத பொதுச்சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். அது மாட்டு வண்டிதான். ஆனாலும் சாலை யாருடையது என்ற கேள்வியை அந்தச் சக்கரம்தான் கேட்டது. இன்றைக்கும் வட மாநிலங்களில் தலித் மாப்பிள்ளை குதிரை ஏறினால் கல் பறக்கிறது. ஆகவே குதிரை நமக்கு வெறும் மிருகம் இல்லை. யார் மேலே உட்காரலாம், யார் கீழே நடக்கணும் என்று ஊர் போட்டு வைத்த கணக்கில் அதுவும் இருக்கிறது.

அதனால் குதிரை படுகிற பாட்டை நாம் கண்டுகொள்ளாமல் விடலாமா? கூடாது. மண்ணிலும் புல்லிலும் ஓடப் பிறந்த குளம்பில் லாடம் அடித்து, வேலூர் வெயிலில் கொதிக்கிற தார்ரோட்டில் ஓட்டுகிறோம். பக்கவாட்டுக் கண்ணால் சுற்றிலும் பார்க்கக்கூடிய பிராணிக்குத் தோலால் மறைப்புக் கட்டுகிறோம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. கெட்ட தீவனம் வயிற்றில் சிக்கினால் வலியில் உருண்டே சாகும். அந்தக் கண் மறைப்பு, கடிவாள வார், சாட்டை எல்லாமே தோல். எங்கேயோ ஒரு தோல் தொழிலாளியின் கை பட்டுத்தான் அது குதிரை மேல் ஏறியது. சாட்டை என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நுகத்தடியில் கட்டப்பட்டவனுக்குத்தான் இன்னொரு நுகத்தடி தெரியும்.

எனவே என் நிலைப்பாடு இது. பொழுதுபோக்குக் குதிரைச் சவாரி வேண்டாம், தடை வரட்டும். ஆனால் அத்தோடு பேச்சு முடியவில்லை. குதிரையை அவிழ்த்த பிறகு என்ன ஆகிறது?

2010-ல் காமன்வெல்த் விளையாட்டு வரப்போகுது என்ற நேரத்தில் டெல்லி மாநகராட்சி டோங்காக்களை நிறுத்தியது. மும்பையில் 2015 ஜூனில், சந்தோஷச் சவாரிக்காகக் குதிரையைப் பூட்டுவது சட்டவிரோதம் என்று உயர்நீதிமன்றம் சொன்னது. விக்டோரியா வண்டிகளை ஒரு வருஷத்துக்குள் நிறுத்தச் சொன்னது, அந்தக் குடும்பங்களுக்கு மறுவாழ்வுத் திட்டம் போடவும் சொன்னது. 2021-ல் அதே தெருக்களில் குதிரை இல்லாத மின்சார விக்டோரியா பளபளவென்று வந்தது. நடுவில் ஆறு வருஷம். நமக்கு அது செய்தி, வண்டிக்காரர் வீட்டு அடுப்புக்கு அது ரெண்டாயிரம் நாள்.

மாண்ட்ரியலில் 2019 கடைசியோடு நிறுத்திவிட்டார்கள். சிகாகோவில் 2021-ல் தடை அமலுக்கு வந்தது. நியூயார்க்கில் 2022 ஆகஸ்டில் ரைடர் என்ற குதிரை நடுத்தெருவில் சரிந்து விழுந்ததை உலகமே படத்தில் பார்த்தது. அங்கே வண்டியோட்டிகளுக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது, தடையை எதிர்த்து வாதாட ஆள் இருக்கிறது. நம்ம ஊர் ஜட்காவுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. இங்கே அதைச் சட்டம் போட்டு ஒழிக்கத் தேவையே படவில்லை. ஷேர் ஆட்டோ வந்தது, ஜட்கா போனது. யாரும் தடை செய்யாததால் யாரிடமும் நஷ்டஈடு கேட்கவும் முடியவில்லை.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது தோழர்களே. மனிதனே குதிரையாக இருந்த வண்டி ஒன்று இருந்ததே, கை ரிக்‌ஷா. 1973-ல் கலைஞர் ஆட்சி அதை ஒழித்தபோது, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தார்கள். சைக்கிள் ரிக்‌ஷாவும் நோகிற வேலைதான். ஆனாலும் தடையும் வண்டியும் சேர்ந்து வந்தன. 1980-ல் பஞ்சாப் ரிக்‌ஷாத் தொழிலாளர் வழக்கு. சொந்த ரிக்‌ஷா வைத்திருப்பவனுக்குத்தான் லைசென்ஸ் என்று சட்டம் போட்டிருந்தார்கள். வாடகை வண்டி ஓட்டுறவன் சொந்த வண்டிக்கு எங்கே போவான்? நீதிபதி கிருஷ்ணய்யர் சட்டத்தை மட்டும் பார்க்கவில்லை. அவர்கள் வண்டி வாங்க வங்கிக் கடனுக்கே வழி பண்ணிவிட்டார்.

2025 ஆகஸ்டில் மாதேரான் தீர்ப்பு. மும்பைக்குப் பக்கத்தில் மோட்டார் வண்டிக்குத் தடை உள்ள மலை ஊர் அது. குதிரை ஆளைச் சுமக்கும், மனிதனும் வண்டியில் ஆளை வைத்து இழுப்பான். சுதந்திரம் வந்து 78 வருஷம் கழித்தும் மனிதனை மனிதன் இழுக்கிறானே என்று தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் அமர்வு கேட்டது. ஆறு மாதத்தில் நிறுத்தச் சொன்னது. இழுத்தவர்களுக்கே மின் ரிக்‌ஷா போய்ச் சேரவேண்டும், பணமில்லை என்று அரசு சாக்கு சொல்லக் கூடாது என்றும் சொன்னது. நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான்.

இப்போ என் மேலேயே ஒரு குற்றப்பத்திரிகை வாசிக்கிறேன். எந்தக் கிளை, எந்த வருஷம் என்பது வேண்டாம். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வண்டி விடுகிற பெரியவர் ஒருத்தர் என் கவுண்டருக்கு வந்தார். பேட்டரி ஆட்டோவுக்கு லோன் வேணும். "பாய், வருமானச் சான்று இருக்கா? வீட்டுப் பத்திரம்? ஜாமீன் போட ஆள்?" அவரிடம் ஒண்ணும் இல்லை. "மேனேஜரப் பாருங்க" என்று அனுப்பினேன். நாலு தடவை வந்தார். 2015-லிருந்து முத்ரா திட்டம் இருக்கிறது, அந்த மாதிரிச் சின்னக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது. எனக்குத் தெரியும். சொல்லலை. வரிசை நீளமா இருந்தது. அஞ்சாவது தடவை வந்தப்போ சொன்னார்: "முன்பணத்துக்குன்னு குதிரைய வித்துட்டேன் தம்பி. அந்தப் பணமும் வீட்டுச் செலவுல கரைஞ்சிருச்சி. இப்ப குதிரையும் இல்ல, ஆட்டோவும் இல்ல." அப்புறம் அவர் வரவே இல்லை. ஷூ கம்பெனி கேட் ஒன்றில் வாட்ச்மேனாக அவரைப் பார்த்தேன். அவர்தான் முதலில் வணக்கம் வைத்தார். எனக்குக் கை எழும்பலை.

இது நமக்குப் புதுசா? 1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவனே விலை கொடுக்கணும், சுத்திகரிக்காத தோல் ஷாப்பை மூடணும். சரியான தீர்ப்பு. பாலாறு செத்தபோது முதலில் உப்பானது சேரிக் கிணறும்தான். ஆனால் ஷாப்பு மூடின நாள்களில் முதலாளி வீட்டில் உலை கொதித்தது, ஆயா வீட்டில் கொதிக்கலை. மாசுக்கு விலை கொடுத்தது யார்? 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து பத்துப் பேர் செத்தார்களே, அவர்களில் யாரும் முதலாளி இல்லை. நமக்குத் தண்ணீரும் வேணும், கூலியும் வேணும். ரெண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்கிறவனுக்கு ரெண்டுமே வீட்டில் இருக்கிறது.

தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். மலம் அள்ள வைப்பதை 1993-ல் ஒரு சட்டம் தடை செய்தது, 2013-ல் இன்னொன்று. மலக்குழிச் சாவுக்கு 2014-ல் பத்து லட்சம் என்ற உச்சநீதிமன்றம் 2023-ல் முப்பது லட்சம் என்றது. செத்தால் தொகை ஏறுகிறது, சாவு நிற்கவில்லை. ஏன்? தடையைத் தாளில் போட்டார்கள், மாற்று வாழ்க்கையைக் கையில் கொடுக்கவில்லை. ஆகவே குதிரை வண்டித் தடையைப் பற்றிப் பேசும்போதும் நாம் நம்மைப் பற்றித்தான் பேசுகிறோம். குதிரைக்காக அழுகிறவர்கள் நமக்காக அழவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். அதற்காக நாம் சாட்டைக்காரன் பக்கம் போய் நிற்க முடியாது.

நம் கோரிக்கை நேரானது. குதிரை அவிழ்கிற அன்றைக்கே வண்டியோட்டி கையில் மாற்று வண்டி இருக்கணும். அது முதலாளி பேரில் இல்லை, ஓட்டுறவர் பேரில். லாயம் கூட்டுகிறவரும் லாடம் அடிக்கிறவரும் பட்டியலில் இருக்கணும். அவிழ்த்த குதிரை பசியில் சாகாமல் இருக்கப் பொறுப்பான இடம் வேணும். சாதி பார்த்து ஆள் ஏற்றுகிற வண்டி எந்தச் சக்கரத்தில் ஓடினாலும் அதை நிறுத்தணும்.

கடைசியாக, படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் இப்படி ஒரு பெரியவர் இருந்தால் கூட்டிக்கொண்டு பேங்குக்கு வாருங்கள். விண்ணப்பத்தை நான் எழுதித் தருகிறேன். மேனேஜர் அறை வரைக்கும் கூட வருகிறேன். வரிசை நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

ஜெய் பீம்.