பக்கத்து வயல் பச்சையாக இருந்தால்…

டிங்கி என்றதும் ஏடிஸ் கொசு நினைவுக்கு வரும். கொசு குடிக்கும் இரத்தம் மிகக் கொஞ்சம். அது விட்டுச் செல்லும் கிருமிதான் ஆளைப் படுக்க வைக்கிறது. நெற்பயிருக்கும் இப்படி ஒரு எதிரி உண்டு. அதுதான் பச்சைத் தத்துப்பூச்சி. நீளம் அரை சென்டிமீட்டருக்கும் குறைவு!

இது பரப்பும் நோயை மலாய் விவசாயிகள் 'பெஞாக்கிட் மேரா', அதாவது சிவப்பு நோய் என்றார்கள். இலை மஞ்சளாகிப் பின் செம்மஞ்சளாகும். பயிர் குட்டையாகும். கதிர் பதராகும். மண்ணில்தான் கோளாறு என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. 1965-இல்தான் இது வைரஸ் நோய் என்றும், பிலிப்பீன்ஸின் 'துங்ரோ' நோயை ஒத்தது என்றும் ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

துங்ரோவில் இரண்டு வைரஸ்கள் கூட்டுச் சேர்கின்றன. பயிரைக் கெடுப்பது ஒன்று. ஆனால் அதனால் தனியாகப் பூச்சியின் வழியே பரவ முடியாது. மற்றொன்று துணைக்கு வந்தால்தான் பயணம். நோயுற்ற பயிரில் அரை மணி நேரம் சாறு உறிஞ்சினாலே போதும், பூச்சி அடுத்த பயிருக்கு நோயைக் கொண்டுபோய்விடும்.

மருந்தடித்தால் தீராதா? பூச்சி சாகும், நோயுற்ற பயிர் பிழைக்காது. வயலில் தெளித்து வைரஸை ஒழிக்கும் மருந்து கிடையாது. இலை நிறம் மாறுவதற்குள் ஒரு வாரத்துக்கு மேல் ஓடிவிடும். அதற்குள் பூச்சி பக்கத்து வயலுக்குத் தாவியிருக்கும். பூச்சியைத் தின்னும் சிலந்தியும் மருந்தில் மடியும்.

ஆனால் இந்த நோய்க்கும் ஒரு பலவீனம் உண்டு. டிங்கி வைரஸ் கொசுவின் உடலில் பெருகி, அதன் ஆயுள் முழுதும் தங்கும். துங்ரோ அப்படியல்ல. சில நாட்களில் பூச்சியை விட்டு நீங்கிவிடும். முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகாது. மீண்டும் தொற்றிக்கொள்ள நோயுற்ற பயிர் வேண்டும். நெல்லே இல்லாத சில வாரங்கள் கிடைத்தால் சங்கிலி அறுந்துவிடும்.

கெடா, பெர்லிஸ் மாநிலங்களின் மூடா சமவெளியில் 1970களில் இருபோக நடவு பரவியது. விளைச்சல் பெருகியது. ஆனால் ஒருவர் அறுக்கும்போது அடுத்தவர் வயலில் இளம்பயிர் நின்றால், பூச்சிக்கு ஆண்டு முழுதும் விருந்துதானே? 1980களின் தொடக்கத்தில் துங்ரோ அங்கே பலமாகத் தாக்கியது. தன் வயலை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டவருக்கும் தனியாகத் தப்ப வழியில்லை.

வழி என்ன? வட்டாரம் முழுவதும் ஒரே காலத்தில் விதைக்க வேண்டும். அறுத்த தாளை மறுபடி துளிர்க்க விடாமல் உழ வேண்டும். எதிர்ப்புச் சக்தியுள்ள ரகங்களை நட வேண்டும். கடன் நெருக்கும் விவசாயிக்குக் காத்திருப்பது சுலபமல்ல. ஆனால் ஒருவர் அவசரப்பட்டால் ஊரே விலை கொடுக்கும்.

ஒரு வீட்டுக்காரர் மட்டும் பூச்சட்டித் தண்ணீரைக் கொட்டினால் டிங்கி ஒழியுமா? வயலுக்கும் அதே கணக்குத்தான்.