பசுமை வாழ்வுக்குப் பணம் தேவையில்லை



"சுற்றுச்சூழலைக் காப்பது வசதி படைத்தவர்களின் வேலை. கல்விக் கடனில் படிக்கும் எங்களுக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மூன்று வேளையும் பொட்டலம் வாங்கினால் மாதத்திற்கு 90 பொட்டலங்கள். அத்தனை உறையும் குப்பைக்குத்தான் போகிறது. தோட்டத்தில் பால் வெட்டிய நம் தாத்தா பாட்டி தூக்குச்சட்டியில் சோறு கொண்டு போனார்கள். அதற்குப் பசுமை என்று பெயர் வைக்கவில்லை; சிக்கனம் என்றார்கள்.

ஒருமுறை பயன்படுத்தும் நெகிழியை 2030க்குள் ஒழிக்க, 2018இல் நம் அரசாங்கம் திட்டம் வகுத்தது. அதுவரை நாம் காத்திருக்க வேண்டுமா?

மின்சாரமும் அப்படித்தான். நம் பேராக்கின் மஞ்சோங் மின்நிலையம் இறக்குமதி நிலக்கரியில் இயங்குகிறது. விடுதியில் மின்கட்டணம் நீங்கள் கட்டாமல் இருக்கலாம். ஆளில்லா அறையில் சுழலும் காற்றாடிக்கும் நிலக்கரி எரியத்தான் செய்கிறது.

சுங்காயிலிருந்து தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழகத்திற்குச் செல்பவர்கள், நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் பறக்காமல் ரயில் ஏறலாம். இரண்டு ஊரிலும் நிலையம் உண்டு. புகையும் குறையும், வாசலில் காத்திருக்கும் அம்மாவின் பயமும் குறையும்.

ஒருவர் டப்பாவை நீட்டினால் கடைக்காரர் சிரிக்கலாம். பத்துப் பேர் நீட்டினால், பதினொன்றாவது ஆளிடம் "டப்பா எங்கே தம்பி?" என்று அவரே கேட்பார். அந்தப் பத்துப் பேரில் ஒருவராக இருங்கள்.