நானோ மருந்தும் நம் கடமையும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கல்விக்கு உழைத்துவரும் இச்சங்கத்தின் வெள்ளி விழாவில் அறிவியல் குறித்துப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். நம் வீடுகளில் பெயர் சொல்லவே அஞ்சும் புற்றுநோயையும், அதனை எதிர்க்க எழுந்துள்ள நானோ தொழில்நுட்பத்தையும் பற்றிச் சில கூற விரும்புகிறோம்.

நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. தலைமயிர் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் எனில், அதன் நுண்மையை உணரலாம். இத்துணை சிறிய அளவில் பொருள்களை ஆக்கவும் கையாளவும் இயலும் என்ற எண்ணத்தை அமெரிக்க இயற்பியலறிஞர் ரிச்சர்டு ஃபெயின்மன் 1959-இல் ஓர் உரையில் வெளியிட்டார். நானோ தொழில்நுட்பம் என்ற பெயரை 1974-இல் ஜப்பானியப் பேராசிரியர் நோரியோ தானிகுச்சி இட்டார்.

மருத்துவத்திற்கு இதனால் விளையும் பயன் யாது? கீமோதெரபி மருந்துகளிற் பல, வேகமாகப் பெருகும் செல்களைக் கொல்வன. நோயுற்ற செல் எது, நல்ல செல் எது என்று அவை செவ்வனே பிரித்தறியா. ஆகவேதான் மயிர் உதிர்கிறது. வாந்தியும் வாய்ப்புண்ணும் உண்டாகின்றன. இரத்த அணுக்கள் குறைகின்றன. டாக்சோரூபிசின் என்னும் ஆற்றல்மிக்க மருந்து இதயத்தையும் தாக்கவல்லது. மருந்தின் வலிமை குன்றாமல் அதன் கேட்டினைக் குறைப்பது எங்ஙனம் என்று அறிஞர்கள் ஆராய்ந்தனர்.

1960-களில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் கண்டறிந்த லிப்போசோம் என்னும் கொழுப்புக் குமிழி அவர்களுக்கு உதவியது. அதனுள் டாக்சோரூபிசினை அடைத்தனர். ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுள்ள அக்குமிழி, நல்ல இரத்தக் குழாய்களின் சுவரை எளிதில் கடவாது. புற்றுக்கட்டியில் ஒழுங்கின்றி முளைக்கும் குழாய்களோ இடைவெளிகள் மிக்கன. அவற்றின் வழியே மருந்து கசிந்து கட்டிக்குள் தங்கும். இத்தன்மையை 1986-இல் ஜப்பானிய அறிஞர்கள் மட்சுமுராவும் மயேடாவும் எடுத்துரைத்தனர். 1995-இல் டாக்சில் என்ற பெயரில் அம்மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் புண் தோன்றுதல் போன்ற தொல்லைகள் இதனாலும் உண்டு. ஆயின் இதயத்திற்கு நேரும் தீங்கு குறைந்தது. 2005-இல், பாக்ளிடாக்சல் மருந்தை அல்புமின் புரதத்துடன் பிணைத்த அப்ராக்சேன், மார்பகப் புற்றுநோய்க்கு அங்கு ஒப்புதல் பெற்றது.

மிகைப்படுத்திக் கூறுதல் ஆசிரியர்க்கு அழகன்று. பத்தாண்டுக் காலத்து விலங்குச் சோதனைகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஆய்வின்படி, செலுத்திய நானோ துகள்களில் கட்டியை அடைந்தவற்றின் நடு அளவு 0.7 விழுக்காடே. பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. எனவே செய்ய வேண்டிய பணி இன்னும் ஏராளம்.

அப்பணியை யார் செய்வது? 2012-இல் அமெரிக்காவில் டாக்சிலுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, இந்தியாவைச் சேர்ந்த சன் பார்மா நிறுவனத்தின் அதே வகை மருந்தை இறக்குமதி செய்ய அந்நாடு இசைந்தது. இவ்வறிவு எந்த ஒரு நாட்டிற்கும் குலத்திற்கும் தனிச்சொத்தன்று. இளைஞர்களே! வேதியியலும் உயிரியலும் நமக்கு எட்டாதவை என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் நம் பிள்ளைகளும் நிற்க வேண்டும்.

தாய்மார்களுக்கும் பெரியோர்க்கும் ஒரு சொல். புற்றுநோய் தொட்டால் ஒட்டுவதன்று. உடன் உண்பதால் பரவுவதுமன்று. தேநீர்க் கடையில் தனிக்குவளை வைக்கப்பட்ட கொடுமையை அறிந்த சமுதாயம் நாம். அதே தனிக்குவளையை, நோயுற்ற தாய்க்கு நம் வீட்டில் வைக்கலாமா? ஒதுக்கப்படுவோம் என்ற அச்சத்தாலேயே நம் பெண்கள் நோயை மறைக்கிறார்கள். மறைப்பதால் நோய் முற்றுகிறது. ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்றபின் உதிரப்போக்கு, இவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவரை நாட வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையம் நம் மாநிலத்திலேயே உள்ளது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும். தகுதியுள்ள குடும்பங்களுக்கு அந்த அட்டையைப் பெற்றுத் தருவதும், துணைக்கு ஆளின்றித் தவிப்போரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் சங்க இளைஞர்களின் கடமையாகட்டும்.

மருந்து கட்டியைச் சென்றடைய அறிஞர்கள் வழி காண்கிறார்கள். நோயாளி உரிய காலத்தில் மருத்துவமனையைச் சென்றடைய நாம் வழி செய்வோம்.