கண்டித் தெருக்களும் எங்கள் விளையாட்டுக்களும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னர் பேசியவர்கள் சமயத்தைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் அரிய கருத்துக்களை எடுத்துரைத்தார்கள். என்னை விளையாட்டைப் பற்றிப் பேசும்படி காரியதரிசி பணித்திருக்கிறார். விளையாட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் பின்வரிசைத் தம்பிமார் நிமிர்ந்து உட்காருவதைக் காண்கிறேன். றக்பியைப் பற்றியோ கிரிக்கெட்டைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. அவற்றின் பெருமையைச் சொல்ல நித்தவெலையிலும் அஸ்கிரியவிலும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மைதானமும் இல்லாமல், மத்தியஸ்தரும் இல்லாமல், பரிசுக் கிண்ணமும் இல்லாமல் இந்நகரத்துத் தெருக்களிலே நாங்கள் ஆடிய ஆட்டங்களைச் சொல்லவே வந்தேன்.

நான் 1956ஆம் ஆண்டிலே பிறந்தவன். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் மணியோசை கேட்கும் தூரத்திலே, பேராதனை வீதியிலிருந்து மேட்டுக்கு ஏறும் ஓர் ஒழுங்கையிலே வளர்ந்தவன். கண்டியிலே சமதரை கிடைப்பது அருமை என்பது உங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு வயல்வெளி உண்டு; கொழும்புப் பிள்ளைகளுக்குக் காலிமுகத்திடல் உண்டு; எங்களுக்குக் கிடைத்ததோ சரிவு. பந்து கை தவறினால் அது தாவித் தாவிப் பேராதனை வீதி வரையும் போய்ச் சேரும். அடித்தவனே இறங்கிப் போய் எடுத்து வரவேண்டும் என்பது ஒழுங்கைச் சட்டம். ஆகையால் எங்களிடத்தில் ஓங்கி அடிப்பவனுக்கு மதிப்பில்லை. அளந்து அடிப்பவனுக்கே மதிப்பு. மேட்டுப்பக்கம் நிற்பவனுக்கு எப்போதும் அநுகூலம் இருந்தபடியால், பாதி ஆட்டத்திலே இரு கட்சியும் இடம் மாறவேண்டும் என்பது இன்னொரு சட்டம். இந்தச் சட்டங்களை எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. மீறியவனை மட்டும் எல்லோருக்கும் தெரியும்!

அந்த ஒழுங்கையிலே யார் யார் இருந்தார்கள்? கச்சேரியிலும் புகையிரதப் பகுதியிலும் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் இருந்தன. நகரத்துக் கடைகளிலே கணக்கெழுதிய இந்திய வம்சாவளியினரும், வீதி துப்புரவு செய்த தொழிலாளர்களும் இருந்தனர். சிங்களக் குடும்பங்கள் பல. முஸ்லிம் வீடுகள் மூன்று நான்கு. ஆகவே ஒரே விளையாட்டுக்குப் பல பெயர்கள். யாழ்ப்பாணத்து வீட்டுப் பிள்ளை கிட்டி என்பான். இந்திய வம்சாவளிப் பிள்ளை கில்லி என்பான். சிங்களப் பிள்ளை குடு என்பான். நாங்கள் எட்டுக்கோடு என்றதை அவர்களில் ஒருத்தி பாண்டி என்பாள், மற்றவள் சக்குடு என்பாள். எங்கள் அக்காமார் கொக்கான் வெட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் அதே கற்களை வைத்துக்கொண்டு அஞ்சாங்கல் ஆடினார்கள். பெயரைப் பற்றி நாங்கள் ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை. பிடித்த சண்டைகளெல்லாம் புள்ளு கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதைப் பற்றித்தான்.

கிட்டியை இக்காலத்துத் தம்பிமார் பலர் கண்டிருக்கமாட்டீர்கள். முழங்கை நீளத்திலே ஒரு கோல். விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக, இருமுனையும் சீவிய ஒரு புள்ளு. நிலத்திலே ஒரு சிறு குழி கீறி, புள்ளைக் குறுக்கே வைத்து, கோலால் நெம்பி எறியவேண்டும். எதிர்க்கட்சியார் அந்தரத்திலே ஏந்திவிட்டால் ஆட்டம் இழந்தான். ஏந்தாவிட்டால், விழுந்த இடத்திலிருந்து குழியின் மேல் கிடக்கும் கோலுக்குக் குறிபார்த்து எறிவார்கள். அதிலும் தப்பினால் புள்ளின் நுனியைத் தட்டி எழுப்பி அடிக்கலாம். போன தூரத்தைக் கோலால் அளக்கலாம். தோற்ற கட்சியார் புள்ளு விழுந்த இடத்திலிருந்து ஒரே மூச்சிலே பாடிக்கொண்டு குழிவரையும் ஓடி வரவேண்டும். எங்கள் ஒழுங்கையிலே அது மேட்டோட்டம்! மூச்சு விட்டானா இல்லையா என்று காதை வைத்துக் கேட்பதற்கு ஒருவன் கூடவே ஓடுவான். அவனும் சிரிக்கக்கூடாது. அந்தத் தண்டனையை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு மூச்சு வாங்குகிறது.

போளையடியைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். அது சூதாட்டத்துக்குத் தம்பி என்று எங்கள் தகப்பனார் சொல்லுவார், பாதி உண்மைதான்.

சித்திரைப் புத்தாண்டு நம்மவர்க்கும் சிங்களவருக்கும் ஒரே நாளில் வருவது நமது நாட்டின் விசேஷம். அந்நாட்களிலே சிங்கள வீட்டுத் திண்ணைகளில் ஒலிந்தப் பலகை வெளியே வரும். ஒலிந்த என்பது நமது குன்றிமணியே. குழிகளிலே குன்றிமணியைப் போட்டு ஆடும் அந்த ஆட்டத்தைப் பார்த்த எங்கள் பாட்டி, “இது நம்மட பல்லாங்குழியல்லவா!” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. எதிரே இருந்த கிழவிக்குத் தமிழ் தெரியாது. விளக்கு வைக்கும் வரையும் இருவரும் எழும்பவில்லை.

இப்படிப்பட்ட கலப்பு நேற்று வந்ததல்ல. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திலே சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட புத்தகத்திலே, பத்தினி தெய்வத்தின் பேரால் ஊரார் இரு கட்சியாகப் பிரிந்து கொம்புகளைக் கொளுவி இழுக்கும் விளையாட்டொன்றை விவரித்திருக்கிறார். அங் கெலிய என்று சிங்களவர் சொல்லும் ஆட்டம் அது. அந்தப் பத்தினி யார்? நமது கண்ணகிதான்.

பெரஹெரா முடிந்த கையோடு வரும் ஆட்டமொன்று உண்டு. அது வேறெந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் வாய்த்திராது, பெரஹெரா ஆட்டம்! மாளிகாவைப் பெரஹெரா பத்து இரவுகள் பார்த்த கண்ணுக்குத் தூக்கம் வருமா? வாழை நாரைத் திரித்துக் கசையடிப்பவன் முன்னே போவான். மண்ணெண்ணெய்த் தகரம் மேளமாகும். இரண்டு பேர் குனிந்து சாக்கைப் போர்த்தால் யானை. முன்காலாக இருப்பதற்கு எல்லோரும் போட்டி போடுவார்கள். பின்காலுக்கு ஆள் கிடைக்காது. தலதா மாளிகைக்குப் பின்னே நாதர், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி என்று நான்கு தேவாலயங்களும் வரும் முறையை நாங்கள் இம்மியும் பிசகவிடமாட்டோம். கந்தன் பெரஹெரா எங்களுடையது என்று நாங்கள் உரிமை பாராட்டுவோம். ஒரு வருஷம் அதற்குச் சிங்களத் தோழர்கள் ஒப்பவில்லை. கடைசியில் முஸ்லிம் பையன் ஒருவன் தீர்ப்புச் சொன்னான்: தகரம் யார் வீட்டுத் தகரமோ அவனே கந்தன் பெரஹெராவை நடத்தலாம். தகரம் அவன் வீட்டுத் தகரம்!

அன்பர்களே, இனி நான் முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். அது ஆள் பிரிப்பு. தமிழகத்துப் பிள்ளைகள் இதனை உத்தி பிரித்தல் என்பார்கள். இரண்டு தலைவர்கள் நிற்பார்கள். மற்றவர்கள் தத்தமக்கு ஒத்த பலமுள்ள ஒருவனோடு சோடி சேர்ந்து தூரப் போய், இரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். “சூரியன் வேணுமா, சந்திரன் வேணுமா?” என்று கேட்பார்கள். தலைவன் ஒன்றைக் கேட்க, அந்தப் பெயர்க்காரன் அவன் பக்கம், மற்றவன் எதிர்ப்பக்கம். இதிலே உள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். பலத்தைப் பார்த்துத்தான் சோடி சேர்ந்தோம். பாஷை பார்த்துச் சேரவில்லை, கோயில் பார்த்துச் சேரவில்லை. ஆகவே எங்கள் ஒழுங்கையிலே தமிழர் கட்சி என்றோ சிங்களவர் கட்சி என்றோ ஒன்று உண்டாக வழியே இல்லாமற் போயிற்று. இதை யாரும் எங்களுக்கு உபதேசிக்கவில்லை. ஆட்டம் சமமாக இருந்தால்தான் சுவை என்ற சுயநலத்திலே பிறந்த ஏற்பாடு அது.

எனக்குச் சோடி எப்போதும் ஒரு சிங்களப் பையன். எங்கள் இருவருக்கும் ஒரே உயரம், ஒரே ஓட்டம். ஆகையால் எட்டு வருஷத்திலே ஒரு நாளாவது நாங்கள் ஒரே கட்சியில் ஆடியதில்லை!

பெரியவர்களும் ஓர் ஆள் பிரிப்பு நடத்தினார்கள். 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தின்படி, இந்திய வம்சாவளியினரிலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்டத்திலே பிரிக்கப்படுகிறவன் தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டு வருவான். இந்த ஆட்டத்திலே அந்த உரிமை இருக்கவில்லை.

கண்டியிலே இந்திய உதவி உயர் ஸ்தானிகர் காரியாலயம் இருந்தபடியால், தோட்டங்களிலிருந்து பத்திரங்களோடு வந்தவர்கள் நகரத்திலே அலைவதைத் தினமும் கண்டோம். அது எங்கள் ஒழுங்கைக்கும் வரும் என்று நினைக்கவில்லை. 1970இல் எங்கள் பம்பர வீரன் ஒருவனுடைய குடும்பத்துக்குப் பத்திரம் வந்தது. தகப்பன், தாய், ஐந்து பிள்ளைகள், இரண்டு தகரப் பெட்டிகள். தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல், பிறகு மண்டபம் முகாம். புறப்படும் அன்று காலையிலே அவன் தன்னுடைய பம்பரத்தை எனக்குத் தரவில்லை. தன் சோடிக்காரனுக்குத்தான் கொடுத்தான். அதுதான் முறை. பின்னர் நீலகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு கடிதம் எழுதினான். இங்கே எங்களை இந்தியாக்காரன் என்றார்கள், அங்கே சிலோன்காரன் என்கிறார்கள் என்று எழுதிவிட்டு, கீழே ஒரு கேள்வி கேட்டிருந்தான்: இப்போது ஆள் பிரிக்கும்போது ஒருவன் மிஞ்சுவானே, அவனை என்ன செய்கிறீர்கள்?

எங்களிடத்திலே அதற்குச் சட்டம் இருந்தது. மிஞ்சுபவனை ‘உப்புக்குச் சப்பாணி’ என்று இரு கட்சியிலும் ஆடவிடுவோம். ஆனால் அந்த வருஷத்திலிருந்து மிஞ்சுபவர்கள் ஒருவரல்லர். ஒவ்வொரு குடும்பமாகப் போகப் போக ஆட்டமும் குறைந்தது.

1983 ஜூலை 26ஆம் திகதி பிற்பகல் பேராதனை வீதியிலே நெருப்பு எழும்பியது. பிறகு அது நகரத்துக்குள்ளே போயிற்று. அந்நாளிலே காசில் ஸ்ட்ரீட் என்றும் திரிகோணமலை ஸ்ட்ரீட் என்றும் நாங்கள் சொன்ன இன்றைய கொட்டுகொடல்ல வீதியிலும் டி. எஸ். சேனநாயக்க வீதியிலும், கொழும்பு வீதியிலும் தமிழர் கடைகள் எரிந்தன. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. எங்கள் வீட்டுப் பின்கதவு தட்டப்பட்டது. வெளியே நின்றவன் எட்டு வருஷம் என் எதிர்க்கட்சியில் ஆடியவன். என்னைப் பார்த்து அவன் ஒன்றும் பேசவில்லை. எங்கள் அம்மாவிடம் “அம்மே, யமு” என்றான். போவோம் வாருங்கள் என்பது பொருள். அவனுடைய வீட்டு அறையிலே நான்கு நாட்கள் இருந்தோம்.

இவ்வளவோடு நிறுத்தினால் உங்களுக்குச் சந்தோஷமாயிருக்கும். ஆனால் நிறுத்த மனம் ஒப்பவில்லை. அன்று ஒழுங்கை முகப்பிலே கூட்டத்தோடு நின்று எங்கள் வீட்டைச் சுட்டிக்காட்டியவனும் எங்களோடு கிட்டி ஆடியவனே. ஆகையால் ஒன்றாக விளையாடினவர்களெல்லாம் நல்லவர்களாகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. பின்கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது என் சோடிக்காரனுக்குத் தெரிந்திருந்தது. பந்து எடுக்க நூறு தரம் அந்த வழியாக வந்து போனவன் அவன். அது தெரியாத ஒருவன் எங்களைக் காப்பாற்ற விரும்பியிருந்தாலும் முன்வாசலுக்குத்தான் வந்திருப்பான்.

இன்றைக்கு அந்த ஒழுங்கையின் இரு பக்கமும் வாகனங்கள் நிற்கின்றன. பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலுக்காகச் சனியும் ஞாயிறும் ரியூசனுக்குப் போகிறார்கள். ஒவ்வொரு சமூகத்துப் பிள்ளையும் தன் பாஷைப் பாடசாலைக்குப் போய், தன் பாஷை ரியூசனுக்குப் போய், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்கிறது. பெற்றோரைக் குறை சொல்லேன். பரீட்சை அப்படி, தெரு அப்படி. விளையாட்டுப் பயிற்சிக்கு விடுகிறோமே என்பீர்கள். அங்கே ஆள் பிரிப்பவர் பயிற்றுநர். தீர்ப்புச் சொல்பவர் நடுவர். பிள்ளைக்கு மிஞ்சுவது ஓட்டம் மட்டும். இங்கிலாந்திலே இயோனா ஓப்பி, பீற்றர் ஓப்பி என்ற தம்பதிகள் பதினாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் விசாரித்து 1969இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அடைபட்ட பாடசாலை முற்றத்திலே ஆடும் பிள்ளைகளைக் காட்டிலும் தெருவிலே தம்பாட்டில் ஆடும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் குறைவு என்பது அவர்கள் கண்டது. நமது ஒழுங்கைக்கு இது புதிய செய்தியல்ல.

ஆகவே சங்கத்து வாலிபர்களிடம் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு போயா தினத்திலாவது, பின்னேரம் இரண்டு மணித்தியாலம், நமது மண்டப முற்றத்திலே அயலிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். சிங்களப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் வரவேண்டும். பரிசு வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், பிரதம விருந்தினர் வேண்டவே வேண்டாம். பெரியவர்கள் சுவரோரமாக இருந்து தேநீர் குடிக்கலாம், தீர்ப்புச் சொல்லக்கூடாது. பிள்ளைகள் சண்டை பிடித்தால் பிடிக்கட்டும். ஆள் பிரிக்கும் முறையை மட்டும் முதல் நாள் நான் வந்து சொல்லிக் கொடுக்கிறேன். கிட்டிக்கு நல்ல கொய்யாக் கொம்பு எங்கள் வளவிலே நிற்கிறது. கத்தி ஒன்று யாராவது கொண்டு வாருங்கள்.