வேலைநிறுத்தம்: ஒரு சொல்லின் பல பிறவிகள்

(தொழிலாளர் படிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

தோழர்களே!

சென்ற வாரம் ஓர் இளம் தோழர் என்னிடம் கேட்டார்: "ஸ்ட்ரைக் என்றால் அகராதியில் 'அடிப்பது' என்று போட்டிருக்கிறதே, வேலைநிறுத்தம் செய்கிறவன் யாரை அடிக்கிறான்?"

நல்ல கேள்வி. இந்தச் சொல்லை ஐரோப்பிய மொழிகள் எங்கிருந்து எடுத்தன என்று பார்த்தால் தொழிலாளி வர்க்கத்தின் சரித்திரமே அதில் தெரியும்.

முதலில் இங்கிலாந்து. கப்பற்பாயைக் கீழே இறக்குவதற்கும் மாலுமிகள் 'ஸ்ட்ரைக்' என்றே சொல்வார்கள். 1768-ல் கூலி உயர்வு கேட்ட மாலுமிகள், லண்டனில் தேம்ஸ் நதியில் நின்ற கப்பல்களின் பாய்களை இறக்கிவிட்டார்கள். பாய் இல்லாமல் கப்பல் எப்படி நகரும்? அன்று முதல் வேலையை நிறுத்துவதற்கும் அதுவே பெயராயிற்று. ஆகவே தோழரே, இங்கே விழுந்தது அடியல்ல, பாய்!

பிரான்சில் வேலைநிறுத்தத்துக்கு 'கிரேவ்' என்று பெயர். மணலும் கூழாங்கல்லும் நிறைந்த கரை என்பது அதன் பொருள். பாரிஸில் செய்ன் நதியோரம் அந்தப் பெயரில் ஒரு சதுக்கம் இருந்தது. படகுச் சரக்குகள் அங்கே இறங்கும். வேலையில்லாதவர்கள் விடியற்காலையில் அங்கே கூடி, யாராவது கூலிக்கு அழைப்பார்களா என்று காத்து நிற்பார்கள். 1792-ல் கில்லட்டின் முதன்முதல் தலை கொய்ததும் அதே இடத்தில்தான். 'கிரேவில் நிற்கிறான்' என்றால் முதலில் 'வேலை தேடி நிற்கிறான்' என்றே பொருள். 19-ஆம் நூற்றாண்டில் அது தலைகீழாக மாறி, 'வேலை செய்ய மறுத்து நிற்கிறான்' என்றாயிற்று. தொழிலாளர் கூட்டுச் சேர்வதை 1791-ல் தடை செய்த சட்டம் இருந்த நாடு அது. வேலைநிறுத்தம் அங்கே குற்றமல்ல என்று ஆனது 1864-ல்தான். வேலைக்குக் கையேந்தி நின்ற இடத்தின் பெயரே கையை மடக்கி நிற்பதற்குப் பெயரானது சாமான்ய மாற்றமா?

ஸ்பெயினில் 'உவெல்கா' என்பார்கள். ஓய்ந்திருப்பது, மூச்சு வாங்குவது என்னும் பொருளுள்ள வினையிலிருந்து வந்தது இது. அதன் வேர் கொல்லனின் துருத்தியைக் குறிக்கும் லத்தீன் சொல். சோம்பேறியைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லும் அதே வினையின் பிள்ளைதான். "உழைக்க மனமில்லாத கூட்டம்" என்று முதலாளிகள் ஏச இது போதாதா? ஆனால் 1919-ல் பார்சிலோனாவில் மின்சாரத் தொழிலாளர்கள் 44 நாட்கள் நின்றார்கள். விளக்குகள் அணைந்தன, டிராம்கள் நின்றன. அந்த ஏப்ரலிலேயே ஸ்பெயின் சர்க்கார் எட்டு மணி நேர வேலைநாளுக்கு உத்தரவு போட்டது. சோம்பேறியா 44 நாள் பட்டினியைத் தாங்குவான்? மூச்சு விட நேரம் கேட்டான், நின்று பெற்றான்.

ருஷ்யாவில் 'ஸபஸ்தோவ்கா'. இதன் நடுவே இருப்பது 'பாஸ்தா' என்ற இத்தாலியச் சொல். போதும் என்று அர்த்தம். சீட்டாடுகிறவர்கள் ஆட்டத்தை முடிக்கச் சொன்ன சொல், ஆலைக்குள் புகுந்தது. வேடிக்கை என்னவென்றால், இத்தாலியர் வேலைநிறுத்தத்துக்கு அதை வைத்துக்கொள்ளவில்லை. வேலையை விட்டு விலகுவது என்று பொருள்படும் 'ஷோப்பெரோ' என்கிறார்கள். ருஷ்ய மொழியில் இன்னொரு சொல்லும் உண்டு: 'ஸ்தாச்கா'. கூடிப் பேசி ஒன்றுபடுவது என்னும் வினையிலிருந்து வந்தது. முதற்சொல் போதும் என்கிறது. இரண்டாவது சொல் சேர்ந்து சொல் என்கிறது. 1905 அக்டோபரில் ரயில்கள் நின்று, ருஷ்யா முழுவதும் வேலை ஓய்ந்தபோது, ஜார் மன்னன் சிவில் உரிமைகளையும் சட்டசபையையும் வாக்களித்து அறிக்கை விட வேண்டியதாயிற்று. இரண்டு சொற்களும் அன்று ஒன்றாய் நின்றன.

ஜெர்மானியர், போலந்துக்காரர், ஹங்கேரியர், ஸ்வீடன்காரர் ஆகியோர் இங்கிலீஷ் மாலுமியின் சொல்லையே தங்கள் உச்சரிப்பில் வைத்துக்கொண்டார்கள். போர்ச்சுகலும் ருமேனியாவும் பாரிஸ் சதுக்கத்தின் பெயரை வாங்கின. சுங்கச் சாவடியில் எந்த அதிகாரியும் இந்தச் சரக்கைத் தடுக்க முடியவில்லை!

தோழர்களே, பாய், மணற்கரை, மூச்சு, 'போதும்' என்ற ஒரு சொல் என்று பிறப்பு வேறு வேறு. இவற்றில் எதையும் பண்டிதர்கள் மேஜையில் உட்கார்ந்து செய்யவில்லை. உழைப்பவர் நின்ற இடமும், அவர் கையில் பிடித்த கயிறும், வாயில் வந்த சொல்லுமே அகராதிக்குள் ஏறின. நம் தமிழ்ச் சொல்லோ ஒளிவுமறைவு இல்லாதது: வேலை, நிறுத்தம். ஓட வைப்பவன் யாரோ அவனால்தான் நிறுத்தவும் முடியும் என்பதை அது சொல்லாமல் சொல்கிறது. அடுத்த முறை யாராவது அந்தச் சொல்லைச் சோம்பலென்று ஏசினால், பார்சிலோனாவின் 44 நாட்களைச் சொல்லுங்கள்.