நீல முட்டையிடும் கோழி

முட்டை என்றால் வெள்ளை, இல்லாவிட்டால் பழுப்பு. நமக்குப் பழகியது இவ்வளவுதான். ஆனால் தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் மாப்புச்சே பழங்குடி மக்கள் வளர்த்துவந்த கோழிகள் நீல முட்டை இட்டன. அந்த வழியில் வந்த இனத்துக்கு அராவ்கானா என்று பெயர். இதில் வாலே இல்லாத வகை உண்டு. காதோரம் குஞ்சம்போல இறகு நீட்டிக்கொண்டிருப்பவையும் உண்டு. 1921-இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் நடந்த உலகக் கோழியின மாநாட்டில் ஸ்பெயின் பேராசிரியர் சால்வடோர் காஸ்தெல்லோ இதைப் பற்றிப் பேசினார். வெளியுலகம் வியந்தது.

பழுப்பு முட்டையில் நிறம் மேலே படிவதுதான். உடைத்துப் பார்த்தால் ஓட்டின் உள்பக்கம் வெளுத்திருக்கும். நீல முட்டையிலோ ஓடு முழுக்க நிறம் ஊறியிருக்கும். பிலிவெர்டின் என்ற நிறமிதான் காரணம். எப்போதோ ஒரு வைரஸின் துண்டு கோழியின் மரபணுத்தொகுதிக்குள் புகுந்து தங்கிவிட்டது. அதன் விளைவே இந்த நீலம் என்று 2013-இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். நீல முட்டைக் கோழியைப் பழுப்பு முட்டைக் கோழியோடு இனம் சேர்த்தால், பிறக்கும் பெட்டைகள் பச்சை முட்டை இடக்கூடும்!

ஓட்டின் நிறத்தால் சத்து கூடுவதோ குறைவதோ இல்லை. ஆனால் எளிய மக்கள் கொல்லைப்புறத்தில் காத்துவந்த ஓர் இனம்தான் அறிவியலுக்கு இவ்வளவையும் சொல்லித் தந்தது. எந்த நாட்டு இனத்தையும் அழியவிடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.